கைதட்டுப் பெட்டிக்கு வந்த சம்பந்தி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக, வெளிச்சத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க நாள் 2019 புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. அன்று மாலை, திருப்பதி அலிபிரி ரோட்டுக்குப் பின்புறமுள்ள எங்கள் காலனியில், கோவர்த்தனன் அவர்கள் இல்லத்தில் ஒரு புதுயுகம் உதயமானது. உதயமான யுகம் பதினோரு நிமிடம் நீடித்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான்தான் குறித்துக்கொண்டேன்.

கோவர்த்தனன் அவர்கள் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நாடு கதவைத் திறந்துவிட்ட புதிதில், 1996இல், மெட்ராஸ் போய் ஒரு கைதட்டுப் பெட்டி வாங்கிவந்தார். கை தட்டினால் வீட்டு விளக்கெல்லாம் எரியும். இன்னொரு முறை தட்டினால் அணையும். "எழுந்து போய் சுவிட்ச் போடுவது பழைய பொருளாதாரம்" என்று அறிவித்து, சுவிட்சுகளைப் பிடுங்கிச் சுவரைப் பூசிவிட்டார். ஒன்று மட்டும் தப்பியது. அது எந்த அறையில் என்பது இவ்வறிக்கைக்கு அநாவசியம்.

இருபத்துமூன்று ஆண்டுகள் பெட்டி பழுதின்றி உழைத்தது. பிறகு டல்லஸிலிருந்து மகன் யஸ்வந்த், பேச்சுக்குப் பணியும் பெட்டி ஒன்றையும், அதன் சொல்லுக்கு எரியும் பல்புகளையும் அனுப்பிவைத்தான். சிக்கல் இதுதான்: புதுப் பல்புக்குக் கரண்ட் பழைய பெட்டி வழியாகத்தான் வர வேண்டும். பழைய பெட்டிக்குக் கைதட்டல் தவிர வேறு மொழி தெரியாது. தாலி கட்டிய மறுநாளே பேச்சை நிறுத்திக்கொண்ட சம்பந்திகள் போல இரண்டும் ஆளுக்கொரு சுவரில் இருந்தன.

"அந்தப் பழசக் கழட்டிக் கடாசு நைனா!" என்றான் மகன், வீடியோவில்.

"வயசாச்சுன்னா கழட்டிக் கடாசறதா? அப்ப அடுத்தது நானாடா?"

கோவர்த்தனன் அவர்கள் மூன்று நாள் சிந்தித்தார். மனைவி அலர்மேல்மங்கை அக்கா கை தட்டும் ஓசையைப் பதிவு செய்து, "லைட் ஆன்" என்றதும் புதுப் பெட்டி அதை ஒலிக்கும்படி ஏற்பாடு செய்தார். புதியது தட்டும், பழையது கேட்கும், பல்பு எரியும். இதற்கு "ஒருங்கிணைப்பு" என்று பெயர்.

"பன்னெண்டு வாட்டி தட்டிட்டேன், கை எரியுது," என்றார் அக்கா. "தட்டறதுக்கு நான் இங்கியேதான குந்திக்கினு இருக்கேன்? அதுக்கு ஒரு மிஷினா?"

"நீ தட்டுனா அது மேனுவல்!"

இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் சங்கத் தலைவர் தேர்தல். ஜெயித்தால் தெருவிளக்குகளையும் இப்படியே பேச்சுக்கு எரியவைப்பதாக வாக்களித்திருந்தார். தேர்தல் கூட்டத்தையும் தம் வீட்டிலேயே வைத்தார். செல்போன்கள் கருவியைக் குழப்பும் என்று, மலைமேல் தரிசனத்துக்குப் போகிறவர்களிடம் வாங்குவது போல எல்லாருடைய போனையும் வாங்கி பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாலை ஆறே முக்கால். இருட்டு. "லைட் ஆன்!" என்றார். புதியது தட்டியது. பழையது கேட்டது. ஹால் ஜொலித்தது.

மெய்சிலிர்த்த உறுப்பினர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

விளக்கு அணைந்தது.

அந்த வீட்டில் அதுவரை யாரும் கைதட்டும்படி எதுவும் நடந்ததில்லை. ஆகவே இந்த ஆபத்தை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. மறுபடி "லைட் ஆன்!" மறுபடி வெளிச்சம், ஆனந்தம், கைதட்டல், இருட்டு. இப்படி நாலு முறை. "கை தட்டாதீங்கய்யா!" என்று அவர் கதறியதைப் பேச்சு முடிந்ததாகக் கருதி, பின்வரிசை தட்டியது. அந்நேரம் பார்த்துத் தெருவில் ஒரு பஜனைக் கோஷ்டி தாளம் தட்டிக்கொண்டு அலிபிரிக்குப் போயிற்று. வீடே மினுமினுப்பதைக் கண்டு பரவசமாகி அங்கேயே நின்று, "கோவிந்தா! கோவிந்தா!" என்று இன்னும் வேகமாகத் தட்டியது.

பழைய பெட்டி "டப்" என்றது. அதன் சேவை முடிந்தது.

"ஏமண்ணா," என்றார் இருட்டில் எதிர்வேட்பாளர் நாகேந்திரன், "ஊட்ல ஒரு லைட்டு நிக்கல. நீ தெருவுக்குப் போடப் போறியா?"

"சரி, எங்க போனக் குடுங்க, போறோம்," என்றார் உறுப்பினர் ரத்தினம்மா.

இங்கேதான் கோவர்த்தனன் அவர்களின் தலைமைப் பண்பு ஒளிர்ந்தது. அந்த வீட்டில் அப்போது ஒளிர்ந்தது அது ஒன்றுதான். "மீட்டிங் முடிஞ்சாத்தான் பீரோ தொறக்கும்," என்றார். "தலைவர் யாருன்னு கையெழுத்தாகாம மீட்டிங் முடியாது."

முதலில் இறங்கி வந்தவர் நாகேந்திரன்தான். "எங்க போடணும், சொல்லு. எனக்கு எட்டு மணிக்குப் பொண்ணு கத்தார்லேந்து போன் பண்ணும்."

கையெழுத்துப் போட வெளிச்சம் வேண்டுமே? சுவரைத் தடவிக்கொண்டே போன அக்கா, கொல்லைப்புறம் ஒரு சுவிட்சைத் தட்டினார். மஞ்சள் பல்பு எரிந்தது.

"உள்ள குந்திக்கினு கை தட்டறது என்னால ஆவாதுன்னு அன்னிக்கே சொன்னேன்," என்றார். "இத்த மட்டும் வுட்டு வெச்சாரு."

இருபத்துநான்கு பேரும் வரிசையில் நின்று கையெழுத்திட்டார்கள். கோவர்த்தனன் அவர்கள் போட்டியின்றி, ஒருமனதாகத் தேர்வானார். நோட்டில் கூட்டம் நடந்த இடத்தையும் எழுத வேண்டும் என்பது சங்க விதி. எழுதினேன்.

இடம்: கக்கூஸ் வாசல்.