நூறு சதவீதப் பயணி

உலகத்தில் ஊர் சுற்றுகிறவர்கள், வீட்டோடு கிடக்கிறவர்கள் என்று இரண்டே ரகம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கிளம்பத் தயாராகிறவர்கள். பட்டியல் போடுவார்கள், சாமான் வாங்குவார்கள், வாங்கிய சாமானை வைக்கப் பெட்டி வாங்குவார்கள், பெட்டி இடம் போதவில்லை என்று வருத்தப்படுவார்கள். கிளம்ப மட்டும் மாட்டார்கள்.

நாம் பார்க்கப்போகிறவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஒரு காற்புள்ளி சந்தேகமாக இருந்தாலும் புத்தகத்தை அச்சுக்கு விடமாட்டார். தெருவில் அவருக்குப் பயணி என்று பெயர். வைத்தவர் எதிர்வீட்டுத் தையற்காரர். அந்தப் பெயரில் இருக்கும் விஷமம் பயணியைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

கடலோரத்தில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டுக்கு ஆற அமரப் போய் வரலாம் என்றுதான் மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு பழைய வேனை வாங்கினார். பின்னால் படுக்கை போட்டார், ஜன்னலுக்குத் திரை போட்டார். வழியில் தனக்குத் தூக்கம் வந்தால் என்ன செய்வது என்று மனைவியை வண்டி ஓட்டக் கற்கவைத்து லைசென்ஸும் எடுக்கவைத்தார். அத்தோடு கிளம்பியிருக்கலாம். வண்டிக்குள் விளக்குக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று எவனோ கேட்டுத் தொலைத்தான். பிடித்தது சனியன்.

வண்டியைக் கிளப்பும் பேட்டரியிலேயே விளக்கும் விசிறியும் ஓட்டினால் காலையில் வண்டி கிளம்பாது. ஆகவே விளக்குக்கும் விசிறிக்குமென்று தனியாக இரண்டாவது பேட்டரி. அதற்குத் தீனி போடக் கூரைமேல் சோலார் பேனல். பேனல் அளவுக்கு மீறி ஊட்டிவிடாமல் நடுவில் ஒரு கன்ட்ரோலர், கன்ட்ரோலருக்கு ஒரு ஃபியூஸ், ஃபியூஸுக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டி படுக்கையின் காலில் இடித்ததால் படுக்கையையே பிரித்து மறுபடி ஒரு படுக்கை, புதுப் படுக்கைக்கு மேலே விளக்கு எட்டாததால் மறுபடி முதலிலிருந்து வயர். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஒரு பூதமா? வரிசையில் நின்று புறப்பட்டன.

"எப்போ கிளம்பறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

"இதோ, ஒரே ஒரு வேலைதான் பாக்கி" என்பார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

எல்லாம் முடிந்தபின் பேட்டரியின் அளவைக் காட்ட ஒரு சின்னத் திரையை மாட்டினார். அதில் நூறு சதவீதம் வந்தால் கிளம்பிவிட வேண்டியது. வருமா? வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றவைத்து வேனுக்குள் ஏற்றுவார். விளக்கைப் போட்டு, விசிறியைச் சுழலவிட்டு, கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து டீயும் கொடுப்பார். வந்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு போகும்போது தொண்ணூற்றேழு தொண்ணூற்றொன்றாகியிருக்கும்.

இதையெல்லாம் விடுங்கள். வேன் நின்ற இடத்தைச் சொன்னால்தான் உங்களுக்கு இந்த ரகம் முழுசாகப் புரியும். தகரக் கொட்டகை! வெயிலில் விட்டால் புதுப் பேனலில் தூசி படியுமாம். சூரியனைப் பிடிக்க வாங்கிய பேனலுக்கு வெயில் படாமல் கூரை. பிறகு பேட்டரி எப்படி நிறையும்? சமையலறைப் பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு சிவப்பு எக்ஸ்டென்ஷன் வயர் கொட்டகைக்குப் போயிற்று.

"ஏங்க, மிக்ஸி போடணும். இந்த பிளக்க கழட்டட்டுமா?" என்பாள் மனைவி.

"கழட்டாதே! சோலார் சார்ஜ் ஆயிட்டிருக்கு!"

மனைவிக்குப் பல் டாக்டரிடம் வேலை. வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். டாக்டர் வருடத்தில் ஏழு நாள் கதவைச் சாத்துவார். அந்த ஏழு நாள்தான் அவளுக்கு விடுமுறை. முந்தின வருடத்து ஏழு நாளைப் பேனல் விழுங்கியது, போன வருடத்து ஏழு நாளை ஃபியூஸ் பெட்டி. இந்த வருடம் அக்காவே போன் செய்தாள். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு வெளிநாடு போகிறாளாம்.

"இந்தத் தடவை விட்டா எப்போன்னு தெரியாதுடி. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

ஏழில் நாலு நாள் போய்விட்டது. "பஸ்லயாவது போயிட்டு வரேனே" என்றாள் மனைவி. பயணிக்கு மனசு விட்டுப்போயிற்று. "மூணு வருஷமா யாருக்காக இதெல்லாம் பண்றேன்? தொண்ணூத்தேழு வந்தாச்சு. நூறு ஆகட்டும், ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்." அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் கஷ்டம். அலை ஓய்ந்த பிறகு கடலில் குளிக்கலாம் என்று கரையில் நின்றவனும் மனசாரக் குளிக்க ஆசைப்பட்டவன்தான்.

ஐந்தாம் நாள் காலை பயணி வேன் படுக்கைக்கு அடியில் தலையை விட்டு ஏதோ ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். மனைவி வீட்டைப் பூட்டினாள். பையை முன்சீட்டில் போட்டாள். பின்கதவைச் சாத்தினாள். வண்டியைக் கிளப்பினாள்.

"ஏய்! என்ன பண்றே? வயர்! வயர்!"

சமையலறைச் சுவரிலிருந்து பிளக் பிடுங்கிக்கொண்டது. சிவப்பு வயர் ஜன்னலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவில் வேனுக்குப் பின்னால் நெளிந்து நெளிந்து போயிற்று. தையற்காரர் ஊசியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"பயணி! வால் தொங்குது!"

தெரு முக்கில் நிறுத்தி வயரைச் சுருட்டி உள்ளே போட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் மறுபடி கிளப்பினாள். ஊரைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்ததும் கூரைமேல் மூன்று வருடத்தில் முதல்முறையாக வெயில் அடித்தது. பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"தொண்ணூத்தெட்டு! ஐயோ, தொண்ணூத்தொம்பது! சோலார் வேலை செய்யுதுடி!"

"வெயில்ல நிறுத்தினா செய்யும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் சாலையைப் பார்த்தபடி.

கடல் தெரிந்தபோது நூறு. அக்காவும் தங்கையும் முழங்கால் வரை தண்ணீரில் கைகோத்து நின்று, ஒருத்தி மூக்கைச் சிந்த மற்றவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பயணிக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு வண்டியை நிறுத்த நல்ல நிழலாகத் தேடிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுச் சுவர் மூலையில் உறை பிரிக்காமல் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். நல்ல பேனா கிடைக்கட்டும் என்று வெள்ளையாகவே விட்ட டைரியும், கொஞ்சம் ஓய்ந்ததும் போய்ப் பார்க்கலாம் என்று நீங்கள் நாலு வருடமாகப் பார்க்காத அந்த ஒருவரும் எனக்குத் தெரியாதா என்ன? இப்போது எழுந்து போய்ப் பார்க்கலாமே? என்ன, இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தானா? சரிதான். தொண்ணூற்றேழு ஆகியிருக்கிறது உங்களுக்கும்.