நைனா செத்த ஞாயிற்றுக்கிழமை

பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தவனை வந்த சூட்டில் யாரும் நம்பிவிடக் கூடாது. கண் திறந்திருக்கும், ஆள் கனவில் இருப்பான். நான் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். புழல் ஏரிப் பக்கம் ஒரு தோப்பில் ஆசிரியர்களுக்கான முகாம். ஆட்டத்தின் வழியாகப் பாடம் நடத்துவது, ஆட்டத்தின் வழியாக மனசை லேசாக்குவது. என்னைக் கடல்பாசியாக நினைத்துக்கொண்டு கண்ணை மூடி அசையச் சொன்னார்கள். அசைந்தேன். திருவொற்றியூர் திரும்பிய பிறகும் அசைந்துகொண்டே இருந்தேன். (பஸ்ஸில் கண்டக்டர் தோளைத் தட்டித்தான் என்னை இறக்கிவிட்டார்.)

எனக்கு அந்தக் கனவு தேவைப்பட்டது. காரணம் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஹார்பரில் கிரேன் ஓட்டி, ஊரையே உயரத்திலிருந்து பார்த்த மனுஷன். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் ஓய்ந்த பிறகு வாசற்படியைத் தாண்டவே இல்லை. "நான் கால இஸ்துகினு போறத தெருவே வேடிக்க பாக்கணுமா?" என்பார். நடந்தால்தான் கால் சரியாகும், இல்லாவிட்டால் இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நைனாவோ கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆகவே கனவு கண்டேன். ஞாயிறு காலை, எங்கள் வீட்டு வாசல். என் வகுப்புப் பிள்ளைகள் ஆடியபடியே கடல் ஏறுவதையும் இறங்குவதையும் கற்றுக்கொள்கிறார்கள். தெருக்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். காற்று உப்பு மணத்தோடு வருகிறது. நைனா ஜன்னல் வழியாகப் பார்க்கிறார், மெல்ல எழுந்து வெளியே வருகிறார். கனவில் எல்லாம் பிரமாதமாக நடந்தது.

அந்த ஞாயிறு விடிந்ததும் வெயிலுக்குச் சாமியானா போட்டேன். பெரியவர்களுக்குப் பிளாஸ்டிக் சேர் இறக்கினேன். தாளம் வேண்டுமே என்று, மேள செட்டு வைத்திருந்த என் தோஸ்து தேசிங்கு வீட்டுக்கு ஓடினேன்.

"இன்னா மாமு காலங்காத்தால?"

"எங்க வூட்டாண்ட வந்து அடிக்கணும்டா. நைனாவுக்காக."

தேசிங்கு என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ மனச வுட்றாத மாமு. தெருவே ஆட்ற மாதிரி அடிச்சிடலாம்." இப்படியும் ஒரு நட்பா என்று நெகிழ்ந்து போனேன்.

எங்கள் பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும், ஒரு வீட்டு வாசலில் சொல்லாமல் கொள்ளாமல் சாமியானாவும் சேரும் மேளமும் வந்து இறங்கினால் என்ன அர்த்தமென்று. உள்ளே வெளியில் தலைகாட்டாத நோயாளியும் இருந்தால் கேட்கவே வேண்டாம். நானும் அங்கே வளர்ந்தவன்தான். ஆனால் கடல்பாசிக்கு என்ன தெரியும்? பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவைத்தேன், பெரியவர்களை மேளமே கூப்பிட்டுக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

கூப்பிட்டது. பிள்ளைகள் வரிசையில் நின்று அசைய, தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள். என்ன ஒழுங்கு என்று வியந்தேன். "எல்லாரும் கண்ண மூடுங்க. உள்ள இருக்கிற பாரத்தையெல்லாம் வெளிய வுடுங்க" என்றேன். அவ்வளவுதான், பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். சிலர் அழுவார்கள் என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். முதல் வகுப்பிலேயே தெரு முழுக்க அழுகிறதே, நான் எப்பேர்ப்பட்ட ஆசிரியன் என்று எனக்கே கண் கலங்கியது.

அப்போது காசிமேட்டிலிருந்து அம்மா மீன்பையோடு வந்து சேர்ந்தார். "புருசன் பூட்டான், இவ இன்னாடான்னா வஞ்சிரம் வாங்கிகினு வரா" என்று ஒரு குரல் கேட்டது. அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். அதே நேரம், யாரோ போன் செய்து சொல்லி, மாத்தூரிலிருந்து நைனாவின் தங்கை, என் அத்தை, ஆளுயர ரோஜா மாலையோடு ஆட்டோவிலிருந்து குதித்தார்.

"எங்கடா வச்சிகீறீங்க எங்கண்ணன?"

"உள்ளதான் கீறாரு அத்த. எவ்ளோ கூப்ட்டும் வரமாட்றாரு."

"கூப்ட்டா வர்ற எடத்துலயாடா கீறாரு!" என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க, எனக்கு அப்போதுதான் கனவு கலைந்தது. சாமியானாவைப் பார்த்தேன். சேரைப் பார்த்தேன். தேசிங்கைப் பார்த்தேன். பூமி பிளந்தால் நல்லது என்று இருந்தது.

பூமி பிளக்கவில்லை, கதவு திறந்தது. நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் அம்மா.

"இன்னா சத்தம்? யாரு செத்தது?"

மேளம் நின்றது. அத்தைதான் வாய் திறந்தார். "நீதாண்ணா."

நைனா எல்லாரையும் பார்த்தார். அழுத கண்கள், மாலை, நான். திட்டப்போகிறார், திரும்பி உள்ளே போய்விடுவார், இனி எந்தக் காலத்திலும் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"இத்தினி பேர் எனக்கோசரம் வந்துகீறீங்களா?" என்றார். குரல் உடைந்திருந்தது. பிறகு தேசிங்கைப் பார்த்து, "ஏண்டா நிறுத்திட்ட? எனக்கு அடிக்கற மோளத்த நான் கேக்கக்கூடாதா? அடிடா!"

தேசிங்கு அடித்தான். நைனா சுவரை விட்டார். ஒரு படி இறங்கினார். வலது காலை வைத்து, இடது காலை இழுத்து, தாளத்துக்கு இன்னொரு அடி. மாலையோடு அத்தை ஒரு கையைப் பிடித்துக்கொண்டார்.

என் பிள்ளைகளுக்கு நடந்தது எதுவும் தெரியாது. புது ஸ்டெப் என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தி இடது காலை இழுத்தாள், பக்கத்தில் இருந்தவன் இழுத்தான், பிறகு வரிசையே இழுத்தது. சேரில் இருந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து இழுத்தார்கள். எதைத் தெரு பார்த்துவிடக் கூடாது என்று நைனா ஒளிந்திருந்தாரோ, அதைத் தெருவே ஆடியது. நான் மீன்பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

கால் முழுசாகச் சரியாகவில்லை. ஆனால் நைனா டீக்கடைக்குத் தனியாகப் போய்வருகிறார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் நிற்கவில்லை. அதற்கு நான் வைத்த அழகான பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, தெருவுக்கு அது "நைனா சாவு"தான். போன வாரம் அத்தை ஷேர் ஆட்டோவில், "எங்கண்ணன் சாவுக்கு டைமாச்சு, கொஞ்சம் வேகமா ஓட்டு கண்ணு" என்று சொல்ல, டிரைவர் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தியிருக்கிறார்.

"ஐயையோ, எப்பக்கா ஆச்சு?"

"வாராவாரம் ஆவுது. நீயும் எறங்கி ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போ."

போட்டுவிட்டுத்தான் போனார்.