ஆயிரத்து அறுநூறு மெசின்

அப்புத்துரை, ஸ்ரனிஸ்லஸின் தேத்தண்ணிக் கடைக்குக் கொடுக்க வேண்டியது ஆறாயிரத்து நானூற்று இருபது ரூபாய். அலுமாரிக் கதவில் வெண்கட்டியால் எழுதியிருந்தது. ஸ்ரனிஸ்லஸ் அதை ஒருநாளும் கேட்டதில்லை. நெடுங்கேணியில் விடாமல் மழை. நெல் மூட்டை தூக்கும் வேலையும் நின்றுபோயிருந்தது.

"ஸ்ரனியண்ணை, செஸ்ஸில பாப்பம். நான் வெண்டால் கடனை அழியுங்கோ. தோத்தால் ஆயிரம் கூட்டுங்கோ."

"வேண்டாமடா துரை."

"பயமோ? நீங்கள் என்ர போனில ஏத்தித் தந்த செஸ் மெசினுக்குத் தரப்புள்ளி ஆயிரத்து அறுநூறு. அதையே ஒவ்வொரு ராவும் வெல்லுறன். உங்களுக்கு ஆயிரத்து நானூறுதானே?"

கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த வேறு இரண்டு பேர் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆயிரத்து நானூறு என்று புள்ளி போட்ட ஸ்ரனிஸ்லஸின் பழைய செஸ் போட்டிச் சான்றிதழ் அங்கே தொங்கியது. அதற்குப் பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

தேத்தண்ணி ஆறமுன் அப்புத்துரை தோற்றான்.

"ஆயிரத்து அறுநூறை வெல்லுறவன் ஆயிரத்து நானூறிட்டத் தோக்கிறதோ? இதென்ன கணக்கு?" என்றான்.

வவுனியாவில் புள்ளிவிவரம் படிக்கும் ஸ்ரனிஸ்லஸின் மகள் பிரியந்தினி சொன்னாள்: "மெசினுகளுக்கு மெசினுகளோட விளையாடித்தான் புள்ளி வருது, மாமா. மனிசருக்கு மனிசரோட. ரெண்டும் வேற வேற தராசு. அதோட ஒரு ஆட்டத்தை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. கன ஆட்டம் வேணும்."

அப்புத்துரைக்குக் கடைசிச் சொல் மட்டும் பிடித்தது.

"கேட்டியளே அண்ணை? கன ஆட்டம்!"

"பிள்ளை, உன்ர வாயை மூடு," என்றார் ஸ்ரனிஸ்லஸ்.

ஆட்டம் கூடக்கூட பிரியந்தினியின் கணக்குக்கு நம்பகம் கூடியது. கடனும் கூடியது. கடைசியில் சைக்கிளை ஈடு வைத்தான்.

"சைக்கிள் எங்கையப்பா?" என்று கேட்டாள் மனைவி கமலாசனி.

"ஆராய்ச்சியில நிக்குது."

அவள் சிரிக்கவில்லை. மழை விட்டதும் நெல்லுக் களஞ்சியத்துக்கு முதலில் போகிறவனுக்குத்தான் வேலை. நடந்து போனால் கடைசி ஆள்.

மறுநாள் காலை அப்புத்துரை போனோடு கடைக்கு வந்தான். "இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால மெசினை வெண்டு காட்டுறன். பிறகு சொல்லுங்கோ ஆரில பிழையெண்டு."

சிப்பாயை நகர்த்தினான். மெசின் பேசாமல் கிடந்தது.

"மெசினுக்கு என்ன வந்தது?"

"பகலில கவரேஜ் இல்லையாக்கும்." ஸ்ரனிஸ்லஸ் அவனுடைய தேத்தண்ணியில் இரண்டாம் முறையும் சீனி போட்டார். "பொறு, பால் பொங்குது." குசினிக்குள் ஓடினார்.

மெசின் குதிரையை நகர்த்தியது.

"பாத்தியளே!" அப்புத்துரை அடுத்த காயை வைத்தான். மெசின் மறுபடி கிடந்தது. ஸ்ரனிஸ்லஸ் வெளியே வந்தார், நின்றார், மறுபடி குசினிக்கு நடந்தார்.

"என்னப்பா பால்?" உள்ளே இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த அவர் மனைவி சுசிலாவின் குரல் கேட்டது. "அடுப்பில இருக்கிறது இடியப்பம்."

ஸ்ரனிஸ்லஸ் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார். ஈரத்துணியை எடுத்து அலுமாரிக் கதவை முழுதாகத் துடைத்தார். சைக்கிளை உருட்டி வந்து வாசலில் நிறுத்தினார்.

"கடன் இல்லை. கொண்டு போ."

"ஏனண்ணை? நான் இன்னும் வெல்லேல்லையே?"

மா ஒட்டிய கையோடு வாசலுக்கு வந்தாள் சுசிலா.

"ராவில தன்ர போனோட போர்வைக்குள்ள கிடந்து வேணுமெண்டே உம்மிட்டத் தோக்கிற மெசின் இந்த மனுசன்தான், தம்பி, நீர் வெல்லாட்டி விடிய இந்தப் பக்கம் வரமாட்டீர் எண்டு பயம்."