கை அரித்த மூன்று மாதம்

மூன்று மாதம் ஒரு செடியைத் தொடுவதில்லை என்று நான் சபதம் எடுத்தேன். சிரிக்காதீர்கள். என் பிரம்பு நாற்காலியின் உயிர் அந்தச் சபதத்தில்தான் இருந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக். பாதி ஊர் என் தயவில்தான் ஏறி இறங்குகிறது. வீட்டில் மட்டும் என் கைராசி வேறு மாதிரி. ஓடுகிற கடிகாரத்தைத் திறந்து பார்ப்பேன், அதோடு அது நின்றுவிடும். ஒழுகுகிற குழாயை இரண்டு வருடமாக நாளைக்குப் பார்க்கிறேன் என்கிறேன். செடிகளுக்கோ நான் எமன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, மண்ணைக் கிளறி, பாசத்தாலேயே ஏழு தொட்டிகளைக் காலி செய்தவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி என் நாற்காலியைக் காட்டினாள். ஹால் ஜன்னலோரம் இருபது வருடமாக என்னைச் சுமக்கிறது. ஒரு காலில் கம்பிக்கட்டு.

"பழைய சாமான்காரரை வரச் சொல்லியிருக்கேன்."

"அது போனா நானும் போறேன்."

"ரெண்டையும் எடுத்துப்பாரான்னு கேக்கறேன்."

நான் முகத்தைத் தொங்கப்போட்டேன். அவள் மனமிரங்கி கீழ் வீடு வரை போய், ஒரு தொட்டியோடு வந்தாள். விறைப்பாக நிமிர்ந்த பச்சை இலைகள். ஸ்னேக் பிளான்ட்.

"மூணு மாசம் இது உங்க பொறுப்பு. பொழச்சா நாற்காலி இருக்கட்டும். செத்தா ரெண்டும் சேர்ந்து போகும்."

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. மூணு வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?"

"அதுதான் உங்களால முடியாது."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரி என்றேன்.

மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் கை அரித்தது. மாதாமாதம் சர்வீஸ் செய்யாமல் எதுவும் ஓடாது என்பது என் தொழில் தர்மம். இலை நுனி வேறு வாடின மாதிரி தெரிந்தது. டம்ளரோடு கிளம்பினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"தண்ணி குடிக்க."

"குடிக்கறவரு ஏன் தொட்டி மேல சாய்க்கறீங்க? கை அரிக்குதா?"

"லேசா."

"அப்போ அந்தக் குழாய்க்கு வாஷர் மாத்துங்க. கவனம் திரும்பும்."

மாற்றினேன். செடி பிழைத்தது. என் நாற்காலிக்காக இவளே பாடுபடுகிறாளே என்று எனக்குக் கண் கலங்கியது.

அடுத்த வாரம் மண்ணைக் கிளற ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். "கையில எடுத்ததுதான் எடுத்தீங்க, அந்தக் கதவுக் கீலை முடுக்குங்க" என்றாள். இன்னொரு நாள் தொட்டியைச் சும்மா ஒரு சுற்று திருப்பலாமா என்று கேட்டேன். பரணை ஒழிக்க ஏற்றிவிட்டாள். இலையைத் துடைக்கப் போய் மின்விசிறியைத் துடைத்தேன். வேறு தொட்டிக்கு மாற்ற ஆசைப்பட்டுச் சமையலறை அலமாரியை மாற்றினேன். நின்ற கடிகாரம் ஓடியது. ஒரு வருடமாக ஊமையாய்க் கிடந்த அழைப்பு மணி கத்தியது. நான் தளரவில்லை. நாற்காலிக்காக எதையும் தாங்குவேன்.

கடைசி வாரம்தான் நரகம். நாற்காலியில் உட்கார்ந்து செடியையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்படியே பாத்துக்கிட்டிருந்தா கை தானா செடிக்குப் போயிடும். எழுந்து அந்தக் கம்பிக்கட்டை அவுத்துட்டு, நாற்காலிக்குப் புதுக் கால் போடுங்க."

போட்டேன். பாலிஷும் அடித்தேன்.

தொண்ணூறாவது நாள் விடிந்தது. மொத்தம் நான்கே டம்ளர் தண்ணீர். செடி சாகவில்லை, பக்கத்தில் ஒரு குருத்து வேறு விட்டிருந்தது. நான் கால்மேல் கால் போட்டு நாற்காலியில் சாய்ந்தேன். அது ஆடவில்லை.

"ஜெயிச்சுட்டேன். ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க."

இருபது வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் ஒப்புதல். அதை நான் ரசித்துக்கொண்டிருக்கும்போதே, நான் பழுது பார்த்த மணி அடித்தது. எதிர் வீட்டுப் பெண். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். நேராகப் போய்த் தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கீழ் வீட்டு அண்ணனுக்கு ஆறு மாசம் ஆச்சு, உங்க வீட்டுக்காரர் மூணே மாசத்துல எல்லா வேலையும் முடிச்சுட்டாரேக்கா. நான் எடுத்துட்டுப் போறேன், எங்க வீட்லயும் குழாய் ஒழுகுது."