கிரகோரி குதிரை சேர்த்த சருக்கம்

மலேசியாவின் லாயாங் லாயாங் ஊரில் ரயிலோசை கேட்டு வளர்ந்தவனும், தெப்ராவ் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடிகளின் தரத்தைக் கண்ணிமைபோல் காத்து நிற்பவனும், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவனும், தவறாமல் தாமதமாகவே போகிறவனும், நெற்றி நாளுக்கு நாள் உச்சந்தலை நோக்கிப் படையெடுக்கப் பெற்றவனும், ஷர்மைன் என்னும் நல்லாளின் கணவனுமாகிய கிரகோரி வாழ்க. அவன் ஊர்ந்து செல்லும் வெள்ளித் தேர் வாழ்க. டர்போ என்னும் வரம் பெறாமல், வெறும் மூச்சுக்காற்றை உண்டே உயிர்வாழும் அத்தேரின் ஆயிரத்து முந்நூறு சிசி என்ஜின் வாழ்க. வழிப்போக்கரைக் காக்கும் புனித கிறிஸ்தோபரே, டேஷ்போர்டில் பசை விட்டுச் சாய்ந்திருக்கும் நிலையிலும் இக்காதைக்குத் துணை நிற்பீராக. இவ்வீரனைப் புகழ வேறெவரும் முன்வராமையால், பாடுகிறவனும் பாடப்படுகிறவனும் ஒருவனே என்பதை அவையோர் பொறுத்தருள்க.

முதலில் தோல்வியைச் சொல்வோம். தோல்வியில்லாமல் இவன் கதையில் எதுவும் தொடங்கியதில்லை.

ஷர்மைனின் தாய்வீடு காஹாங்கில் இருந்தது. மாதமொரு ஞாயிறு பூசை முடித்து, மதிய விருந்துக்கு அங்கே செல்வது குடும்ப வழக்கம். குளுவாங்கைக் கடந்ததும் சாலை, போக ஒரு தடமும் வர ஒரு தடமுமாய் ஒடுங்கி, இருபுறமும் செம்பனை மரங்கள் காலாட்படைபோல் வரிசை வரிசையாய் நிற்க, மேடும் பள்ளமுமாய் நெளிந்து செல்லும். அச்சாலையின் நெடிய மேடொன்றில்தான், செம்பனைக் குலை சுமந்த லாரி ஒன்று, மதம் பிடித்தும் அவசரப்படாத களிறுபோல, கரும்புகையைத் தும்பிக்கையாய் நீட்டி, நம் தலைவனின் வழியை மறித்து ஊர்ந்தது.

தலைவன் பொங்கினான். வலப்புறம் தேரைத் திருப்பினான். "வேணாங்க" என்றாள் ஷர்மைன். போர்முரசு முழங்கும் செவியில் அச்சொல் ஏறவில்லை. மிதியைத் தரையோடு தரையாக அழுத்தினான். என்ஜின் பேரோசை எழுப்பியது. வேகம் மட்டும் எழவில்லை. களிறும் தேரும் அருகருகே, மணமேடை நோக்கி நடக்கும் மணமக்கள்போல் இணைந்தே மேடேறின. லாரியின் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றை ஷர்மைன் தன் சன்னல் வழியே நெடுநேரம் பார்த்தாள். அப்போது மேட்டின் உச்சியில், கோழிக்கூண்டு கட்டிய மோட்டார் சைக்கிளில் ஒரு மலாய்ப் பெரியவர் தோன்றினார். தலைவன் பிரேக்கை மிதித்துப் பின்வாங்கி, களிற்றின் வால்புறத்தில் மீண்டும் ஒளிந்துகொண்டான். பெரியவர் போகிற போக்கில் கையை விரித்து, எல்லா மொழியிலும் புரியும் ஒரு கேள்வி கேட்டார்.

காஹாங் வந்ததும் ஷர்மைன் பெல்ட்டை அவிழ்த்து முதல் ஆளாய் இறங்கினாள். விருந்து முடிந்து கிளம்புகையில் தன் பையை எடுத்து அக்காள் பேட்ரிசியாவின் காரில் வைத்தாள்.

"நான் இவங்க கூட வரேன். நீங்க மெதுவா வாங்க."

பேட்ரிசியாவின் கணவன் கால்வின், கிரகோரியின் சகலை. சிங்கப்பூரில் வேலை, ஜொகூரில் வீடு, வாசலில் டர்போ கார். மெல்லிய உதட்டுச் சிரிப்பும், சாவியை விரலில் சுழற்றும் பழக்கமும் உடையவன். மேட்டுக் கதை அதற்குள் அவன் காதுக்கும் எட்டியிருந்தது.

"டர்போ இல்லாத காரு, மேட்டுல அப்படித்தான் லா, சகலை. உங்க தப்பு இல்ல."

கணையால் துளைப்பாரைப் பொறுக்கலாம், கனிவால் துளைப்பாரை எங்ஙனம் பொறுப்பது. அன்று தெப்ராவ் வீடு வரை அருகிருக்கை வெறுமையாய்க் கிடக்கத் தனித்து ஓட்டிய தலைவன், ஸ்டீரிங்கில் கையறைந்து சூளுரைத்தான்: "என் தேரில் குதிரை சேர்ப்பேன். அவளை மீண்டும் இவ்விருக்கையில் அமர்த்துவேன்." கேட்டது சுங்கச்சாவடியின் தானியங்கிக் கட்டை ஒன்றுதான்.

அடுத்த மாதமும் ஷர்மைன் அக்காள் காரிலேயே போனாள். அதற்கடுத்த மாதமும். சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை. வீட்டில் சோறும் கறியும் சிரிப்பும் வழக்கம்போலவே. காஹாங் பயணம் வந்தால் மட்டும் அவள் கை தானாகவே வேறொரு காரின் கதவைத் திறந்தது. தலைவன் பின்னால் தனியே வந்தான், அனுப்பாமலே வந்த பார்சல்போல.

ஆகவே அவன் படைக்கலம் தேடினான். கைப்பேசித் திரையில் உலகெங்குமுள்ள சக்தி உபாசகர் அனைவரையும் கண்டு கற்றான். முதலில் கூம்பு வடிவக் காற்றுவடிகட்டி வாங்கி, தொழிற்சாலை பொருத்தியிருந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, அதைத் தன் கையாலேயே மாட்டினான். என்ஜின் இப்போது மிதிக்குந்தோறும் பெருமூச்செறிந்தது. பெருமூச்சு காதலுக்கு அழகு, மேடேற உதவாது. அடுத்து, சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினால் வீரியம் பெருகும் என்று விளம்பரம் சொன்ன, நீல விளக்கெரியும் சிறு கருவியொன்றை வாங்கிச் செருகினான். நீல விளக்கு எரிந்தது. சொன்னவற்றுள் அது ஒன்றே உண்மை.

மூன்றாவதாக வந்தது புகைக்குழாய். ஒரு குழந்தை உள்ளே தவழலாம் என்னும்படி அகன்றது. முடிவில் பளபளவென்று மின்னுவது. அதைப் பொருத்திய வாரமே ஞாயிறு பூசைக்கு வழக்கம்போல் பிந்திச் சென்ற தலைவன், கோயில் வளாகத்தில் நுழைந்தபோது, உள்ளே பாதிரியார் மறையுரையில் "அமைதி உங்களோடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அதன்பின் அவர் சொன்னது எவர் காதிலும் விழவில்லை. முன்னரே வந்து அமர்ந்திருந்த ஷர்மைன், யாரென்று திரும்பிப் பார்க்கவேண்டிய தேவை இல்லாத ஒரே ஆளாய், பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டாள்.

"மேட்டுல எப்படி போகுது?" என்று அன்றிரவு சோறு போடும்போது கேட்டாள்.

"கொஞ்சம் டல்லா இருக்கு."

"முன்னைக்கு இப்ப?"

"முன்னைக்கு இப்பதான் டல்லு."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க மீன்குழம்புச் சட்டியோடு அடுப்படிக்குப் போனாள். தட்டில் சோறு மட்டும் இருந்தது.

இவ்வாறு சொந்த ஆயுதங்களாலேயே காயம்பட்ட தலைவன், இறுதியில் தெப்ராவில் பட்டறை வைத்திருக்கும் காளியப்பனிடம் சரணடைந்தான். காளியப்பன் அடக்கமே அறியாதவன். தன் தொழில் வாழ்வில் இரண்டு என்ஜின்களை வெடிக்கவைத்திருப்பதாக வருவோர் போவோரிடமெல்லாம் பெருமை பேசுகிறவன். அவற்றுள் ஒன்றின் பிஸ்டனைச் சாம்பல் தட்டாக மேசைமேல் வைத்திருந்தான்.

"டர்போ போட்டுடலாமா அண்ணே?" என்று கேட்டான் தலைவன்.

"போடலாம் பாஸ். இந்த என்ஜின்ல போட்டா ஒரு வாரம் ராஜா மாதிரி ஓட்டுவீங்க. அப்புறம் இதுல சிகரெட் தட்டலாம்." பிஸ்டனை விரலால் தட்டிக் காட்டினான். "புதுசா குதிரை வாங்கறத விடுங்க. இருக்கிற குதிரை எங்க போச்சுன்னு முதல்ல பாப்போம்."

உருளைகள்மேல் சக்கரத்தை ஓடவிட்டு வலிமையை அளக்கும் எந்திரத்தில் தேர் ஏற்றப்பட்டது. கையேட்டில் எண்பத்தேழு குதிரைத்திறன் என்று அச்சிட்டிருந்தது. கியர்பெட்டியும் அச்சும் தின்றது போக, சக்கரத்துக்குக் குறைந்தது எழுபது வந்து சேரவேண்டும் என்றான் காளியப்பன். வந்து சேர்ந்தவை ஐம்பத்திரண்டு. எஞ்சிய படை எங்கோ வழியில் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

"கிளட்ச்தான்" என்று காளியப்பன் உறுதியாய்ச் சொல்லி, கியர்பெட்டியை இறக்கிப் பார்த்தான். கிளட்ச் புதுமணப்பெண்போல் பொலிவாய் இருந்தது. அவன் சற்றும் நாணாமல், "அது இல்லேன்னு தெரிஞ்சுக்கிட்டோம் பாருங்க" என்று திரும்ப மாட்டினான்.

பிறகு ஒவ்வொரு குதிரையாய்ப் பிடிபட்டது. பிளக்குகள் முனை தேய்ந்து கிழடாகியிருந்தன. காற்று நுழையும் வாயில் கரிபிடித்துத் தார்ச்சாலைபோல் கிடந்தது. வால்வுகளின் இடைவெளி கலைந்திருந்தது. பின்சக்கர பிரேக் ஒன்று பிடித்த பிடியை விடாமல், சீரியல் மாமியார்போல் எந்நேரமும் இழுத்துக்கொண்டிருந்தது. கூம்பு வடிகட்டியோ என்ஜினின் கொதிகாற்றையே உண்டு மயங்கிக் கிடந்தது. காளியப்பன் அதைக் கழற்றிவிட்டு, "பழைய பெட்டி இருக்கா?" என்றான். தலைவன் தலைகுனிந்து, எறிந்த பெட்டிக்கு இணையான இன்னொன்றைப் பழைய உதிரிபாகக் கடையில் தேடி வாங்கிவந்தான். அதற்குக் குளிர்காற்று வர முன்பக்கத்திலிருந்து ஒரு குழாய் இழுத்தார்கள். அகன்ற புகைக்குழாய் இறங்கி, அளவான குழாய் ஏறியது. என்ஜினிலிருந்து புறப்படும் நான்கு குழல்கள் இரண்டாகி, இரண்டும் ஒன்றாகும் நல்லதொரு இணைப்பும் அதே கடையில் கிடைத்தது. நீல விளக்கைக் காளியப்பன் ஒன்றும் செய்யவில்லை. "இது இருக்கட்டும், அழகா இருக்கு" என்றான்.

வேலையெல்லாம் முடிந்தபின் அவன் ஒரு சிறு ஐயம் கேட்டான்.

"அன்னிக்கு லாரிய முந்தறப்ப எந்த கியர்ல இருந்தீங்க, பாஸ்?"

"நாலுல."

காளியப்பன் கையிலிருந்த துணியை மேசைமேல் வைத்தான். அதைக் கேட்டுப் பிஸ்டன்கூடத் தலைகுனிந்தது. பிறகு மெல்லச் சொன்னான். "மேட்டுல மூணுல போடுங்க, அப்பதான் இழுக்கும். அதுக்கு நான் காசு வாங்கறதில்ல."

மீண்டும் உருளைகள் சுழன்றன. எழுபத்து நான்கு. தலைவனின் கண் கலங்கியது. படை திரும்பிவிட்டது, சில புதுக் குதிரைகளும் கூடவே வந்திருந்தன. தெப்ராவ் சாலையில் வெள்ளித் தேர் ஓசையின்றி, நோய் நீங்கி எழுந்தவன் நடப்பதுபோல் இலகுவாய் ஓடியது.

இனி, அருகிருக்கையில் அரசி அமரவேண்டும். தலைவன் அவ்வாரம் முழுவதும் எழுபத்து நான்கின் மாண்பை எடுத்துரைத்தான். அவள் "சரி" என்றாள், "நல்லது" என்றாள். ஞாயிறன்று காலை கால்வின் காரில் அவன் தாயும் அவளுடைய இரண்டு தோழிகளும் ஏறி அமர்ந்துவிட்டார்கள். ஷர்மைனுக்கு அங்கே இடமில்லை. வரலாற்றின் பெருந்திருப்பங்கள் இப்படித்தான் நிகழ்கின்றன. அவள் வெள்ளித் தேரின் கதவைத் திறந்து அமர்ந்து, பெல்ட்டை மாட்டி, அதை ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.

குளுவாங் கடந்தது. செம்பனைக் காலாட்படை இருமருங்கும் எழுந்து நின்றது. அந்த நெடிய மேடு வந்தது. மேட்டின் பாதியில், விதி என்பது எத்துணை கற்பனையற்றது என்று காட்டுவதற்கென்றே, குலை சுமந்த லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

எழுபத்து நான்கு குதிரைகளும் நிலத்தைக் குளம்பால் கீறின. சகலையின் சிரிப்பும், மலாய்ப் பெரியவரின் விரித்த கையும், சாம்பல் தட்டும் தலைவனின் மனக்கண்ணில் கொடியேந்தி வந்தன. அவன் கை கியர்த்தண்டைப் பற்றியது. பக்கத்தில் ஷர்மைனின் இரு கைகளும் மடியிலிருந்த பையை இறுகப் பற்றியிருந்ததை அப்போதுதான் கண்டான். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. அன்றும் இப்படித்தான் பற்றியிருப்பாள். அன்று அவன் லாரியைத்தான் பார்த்தான்.

போர்முரசு நின்றது. எழுபத்து நான்கு குதிரைகளும் காதை நிமிர்த்திக் காத்திருந்தன.

"போகட்டுமா?" என்று கேட்டான் தலைவன்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "இங்கேருந்து எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுது. வளைவு வரைக்கும் ஒண்ணும் இல்ல."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா பின்னாலேயே போலாம். எனக்கு ஒண்ணும் இல்ல."

அதை அவன் மெய்யாகவே சொன்னான். சொன்னபின் அவனுக்கே வியப்பாயிருந்தது. லாரிக்குப் பின்னால் காஹாங் வரை புகை குடித்துச் செல்லவும், விருந்துக்குப் பிந்தி நுழைந்து சகலையின் கனிவைத் தாங்கவும் அவன் அக்கணம் ஆயத்தமாயிருந்தான். எழுபத்து நான்கு குதிரைகளை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதற்கும் வலிமை வேண்டும்போலும்.

ஷர்மைன் சாலையைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள்.

"ம்" என்றாள்.

அந்த ஓரெழுத்து ஆணையைத் தலைமேற்கொண்டு, விளக்குச் சைகை காட்டி, மூன்றாம் கியரில் தேரை இறக்கினான் தலைவன். அப்போது எழுந்தது என்ஜினின் குரல், குழறலும் பெருமூச்சும் அற்ற தெளிந்த குரல். குளிர்காற்றை நெஞ்சார உண்டு, நான்கு இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, மேய்ச்சல் நிலம் விட்டு மீண்ட புரவிகளெல்லாம் ஒரே அடியெடுத்து வைக்க, வெள்ளித் தேர் களிற்றின் பின்காலைக் கடந்து, விலாவைக் கடந்து, சேறு படிந்த சக்கரங்களைக் கடந்து, ஓட்டுநர் சன்னலில் தொங்கிய நனைந்த துவாலையையும் கடந்து, வளைவுக்கு வெகு முன்னரே இடப்புறம் சென்று அமைந்தது. களிறு கண்ணாடிக்குள் சிறுத்தது. மேடு முடிந்து வானம் விரிந்தது. தலைவன் வெற்றி முகத்தை அரசியின் பக்கம் திருப்பினான்.

அவள் பை கால்மாட்டில் கிடந்தது. இரு கைகளாலும் கைப்பேசியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். அவள் இவனையும் பார்க்கவில்லை, சாலையையும் பார்க்கவில்லை.

"அம்மா கேக்கறாங்க, ரசம் வைக்கவா வேணாமான்னு" என்றாள்.

"வைக்கச் சொல்லு" என்றான்.

ரசத்தில் அன்று உப்பு கொஞ்சம் கூடிப்போயிருந்தது.