நானே பூசிய கறுப்பு

எங்கள் பத்திரிகையை யாரும் தடை செய்யவில்லை. எட்டு இதழ்கள் வந்தும் ஒரு மிரட்டல் கடிதம்கூட வரவில்லை. அந்த நாட்களில் இது எனக்குப் பெரிய தலைகுனிவாக இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. கீரனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். புதுக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்து, மிச்ச நேரத்தில் 'வேலிப்பருத்தி' என்று ஒரு காலாண்டிதழ் நடத்திக்கொண்டிருந்தேன். (காலாண்டு என்பது எங்கள் விருப்பம். இதழ் அதன் விருப்பப்படி வந்தது.) ஆசிரியர் நான். வடிவமைப்பு, பைண்டிங், தபால்தலை ஒட்டுவது எல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டிடிபி கடை வைத்திருந்த என் நண்பர் கதிரேசன். வாசகர்கள் பெரும்பாலும் எழுதுகிறவர்களே. தங்கள் கட்டுரை வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள்.

சிற்றிதழ்க்காரர்கள் கூடும் இடத்தில் அந்த வருஷம் ஒரே பேச்சுதான். ஒருவர் வீட்டுக்கு ஆள் வந்து அட்டைப்படத்துக்கு அர்த்தம் கேட்டார்களாம். இன்னொருவருடைய இதழை அச்சடித்துத் தர அச்சகமே பயந்துவிட்டதாம். திருச்சியில் ஒரு கூட்டத்தின் டீ இடைவேளையில் ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்ததும், "எங்க ஊர்லயும் கொஞ்சம் நெருக்கடி இருக்குங்க" என்றேன். என்ன நெருக்கடி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நல்லவேளை. கேட்டிருந்தால் ஐப்பசி மழையில் என் வீட்டு ஓடு ஒழுகிப் பத்துப் பிரதி நனைந்துபோனதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர்களுடைய பயம் நிஜம். அதில் எனக்குத் தெரிந்தது அவர்களைச் சுற்றி நின்ற கூட்டம் மட்டும்தான்.

ஒன்பதாவது இதழை 'தேசம்' சிறப்பிதழ் என்று அறிவித்தேன். நாடு வேறு, தேசம் வேறு என்று ஒரு பேராசிரியரும், இரண்டும் ஒன்றுதான் என்று இன்னொரு பேராசிரியரும் எழுதிக் கொடுத்தார்கள். இருவரும் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள், பேச்சுவார்த்தை கிடையாது, என் பத்திரிகை வழியாகத்தான் சண்டை போட்டுக்கொள்வார்கள். இரண்டு கட்டுரைகளையும் மெய்ப்புப் பார்த்து முடித்தபோது தேசத்தின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு தபால் வந்தது. பள்ளிக்கூட நோட்டில் கிழித்த நாலு பக்கம். எழுதியவர் பெயர் ஆரோக்கியமேரி. இறால் தரம் பிரிக்கிற ஷெட்டில் வேலை, பிளஸ் டூ வரை படிப்பு. எங்கள் இதழைக் கிளை நூலகத்தில் பார்த்து எழுதியிருந்தார். அவருடைய கணவர் அருளப்பனும் இன்னும் மூன்று பேரும் விசைப்படகில் போய், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கையில் சிறையில் இருந்தார்கள். அவர்களை மீட்கிற மனுவுக்காக இவர் ஆதார் கார்டு, ரேஷன் கார்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்ததைப் பற்றித்தான் எழுத்து. அதில் ஒரு இடம் எனக்கு இன்றும் மனப்பாடம்:

"அவர் இந்தியர்தான் என்று காட்ட ரெண்டு கார்டு ஜெராக்ஸ் கேட்கிறார்கள். பிடித்தவர்களுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. பார்த்ததுமே இந்தியன் என்று பிடித்துவிட்டார்கள்."

இரண்டு பேராசிரியர்களும் அறுபது பக்கத்தில் தேடியது இந்த மூன்று வரியில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. அதோடு நிறுத்திக்கொள்ளும் அளவுக்கு இல்லை.

கடைசிப் பக்கத்தில் வேறு ஒரு நாலு வரி இருந்தது. சிறையிலிருந்து அருளப்பன் போனில் பேசியபோது பக்கத்தில் ஒரு சிப்பாய் நின்றிருக்கிறார். மகளுக்குக் காய்ச்சல் என்று மேரி இங்கே அழுதது அந்தச் சிப்பாயின் காதில் விழுந்து, தனக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் பேசிக்கொள் என்று விட்டுவிட்டாராம். அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டதாக மேரி எழுதியிருந்தார்.

இது எனக்குப் பிடிக்கவில்லை. சிறப்பிதழ் முழுக்க அனல் பறக்கும்போது கடைசியில் கண்ணீரும் ஜெபமுமாக முடிகிறதே என்று நினைத்தேன். வெட்டிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அப்போதுதான் அந்த மகா யோசனை வந்தது. வெட்டினால் யாருக்கும் தெரியாது. கறுப்படித்தால் ஊருக்கே தெரியும்.

மாணவர்களின் சார்ட்டுக்கு வைத்திருந்த தடித்த மார்க்கரால், மேரியின் கையெழுத்திலேயே, அந்த நாலு வரியின் மேல் பூசினேன். ஒரு தடவை பூசியதில் எழுத்து லேசாகத் தெரிந்ததால் மறுபடி ஒரு தடவை. (எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்வேன் என்று என் மனைவி அப்போதெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.) பக்கத்தை அப்படியே ஸ்கேன் பண்ணிப் போடச் சொல்லிக் கதிரேசனிடம் கொடுத்தேன். கீழே பொடி எழுத்தில், "சூழல் கருதி இவ்வரிகள் மறைக்கப்பட்டுள்ளன."

கதிரேசன் அதைப் பார்த்துவிட்டு, "யாரு சார் மறைக்கச் சொன்னா?" என்றார்.

"சூழல்" என்றேன்.

"சூழல்னா எந்த ஆபீஸ் சார்?"

அவருக்கு நுட்பமான விஷயங்கள் புரியாது என்று முடிவுகட்டினேன்.

இதழ் வந்த நாலாம் நாள் அந்தப் பக்கத்தின் படம் ஃபேஸ்புக்கில் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு இதழ்களுக்கு ஒரு போஸ்ட்கார்டு போடாதவர்களெல்லாம் போன் பண்ணினார்கள். "ஜாக்கிரதையா இருங்க தோழர்" என்றார்கள். நானும் குரலைத் தாழ்த்தி, "பாத்துக்கலாம்" என்றேன். கறுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஆளுக்கொரு ஊகம். ஒருவர் அமைச்சர் பெயர் என்றார், இன்னொருவர் படகு கவிழ்ந்த ரகசியம் என்றார். எந்தப் படகும் கவிழவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த நாட்களில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராமல் நடுவில் உட்கார்ந்து போய்வந்தேன். என்னைக் கண்காணிக்கிறார்கள் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுக்கோட்டையிலேயே எனக்குப் பாராட்டுக் கூட்டம். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், 'கருத்துரிமையும் சிற்றிதழ்களும்' என்று பேனர். மேலே மாடியில் ஒரு வளைகாப்பு நடந்துகொண்டிருந்ததால் கருத்துரிமைக்கு நடுநடுவே நாதஸ்வரமும் கேட்டது. இரண்டு பேராசிரியர்களும் முதல் தடவையாக ஒரே மேடையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் இருபது நிமிஷம் பேசினேன். பேனா, விலங்கு, வரலாறு என்ற சொற்கள் அடிக்கடி வந்ததாக ஞாபகம்.

பிறகு கேள்வி நேரம். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். நீலச் சேலை, கையில் கட்டைப் பை.

"நாந்தான் சார் ஆரோக்கியமேரி. ஜெகதாப்பட்டினத்துலேர்ந்து வாரேன்."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. அவர் கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்தார்.

"அந்த நாலு வரிய யாரு அழிக்கச் சொன்னாகன்னு சொல்லுங்க. நான் அவுககிட்டயே போய்க் கேட்டுக்கிறேன்."

எவ்வளவு துணிச்சல் என்று இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். 'நான்தான்' என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை அங்கே சொல்லியிருந்தால் என் மானம்தான் போயிருக்கும், வேறு எதுவும் போயிருக்காது. நான் பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னேன்: "அத இந்த இடத்துல சொல்ல முடியாதும்மா."

அன்றைக்கு நான் வாங்கிய கைதட்டல்களில் அதுதான் பெரியது.

கூட்டம் முடிந்து டீ கொடுக்கிற இடத்தில் மேரி என்னைப் பிடித்துவிட்டார். கோபமாகப் பேசவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு போன போட்டு ஓனர்தான் அந்தக் கரையில வக்கீல் வச்சிருக்காரு சார், நாலு பேருக்கும் சேத்து. எல்லையத் தாண்டிப் போங்கடான்னு ஓனரே சொன்னதா நான் எழுதிட்டேனாம், அதத்தான் அழிச்சிருக்காகன்னு ஊரே பேசுது. அப்படி எழுதுனா அவரு போட்டு லைசென்ஸ் போயிரும்ல. 'ஒம் புருஷன் பேர இப்பதைக்கு வக்கீல்கிட்ட நிறுத்தி வச்சிருக்கேன், நீ என்ன எழுதுனன்னு தெரியட்டும்'கிறாரு. போதாததுக்கு யாரோ ரெண்டு பேரு எங்க வீட்டுக்கு வந்து விசாரிச்சுட்டுப் போனாக. நான் என்ன எழுதுனேன்னு சொன்னா ஒருத்தரும் நம்பல. அழிக்கச் சொன்னவுக யாருன்னு தெரிஞ்சா அவுக வந்து சொல்லட்டுமே."

"நான்தாங்க அழிச்சேன்" என்றேன்.

"சரிங்க. யாரு சொல்லி?"

"யாரும் சொல்லலை."

அவர் என் பொன்னாடையைப் பார்த்தார். "அதுல என்ன சார் தப்பு இருந்துச்சு?"

"தப்பு ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப நான் எழுதுன தாளைக் குடுங்க. ஓனர்கிட்டக் காட்டிப்புட்டுக் கொண்டாந்து தாரேன். நான் நகல் எடுத்து வைக்கல."

தாளே கறுப்பாகக் கிடக்கிறது என்று அவரிடம் சொன்ன நிமிஷத்தை நான் மறக்க ஆசைப்படுகிறேன், முடியவில்லை. கதிரேசன் கடைக்குப் போய்த் தாளை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். திருப்பிப் பார்த்தோம். மொபைல் டார்ச்சை அடியில் வைத்துப் பார்த்தோம். இரண்டு பூச்சு. ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. கதிரேசன் தாளை ஒரு உறையில் போட்டு மேரியிடம் கொடுத்தார்.

அன்று மத்தியானமே மேரியோடு ஜெகதாப்பட்டினம் போனேன். ஐஸ் பிளான்ட்டுக்குப் பக்கத்தில் படகு உரிமையாளரும் மீனவர் சங்கத்துக்காரர்கள் நாலைந்து பேரும் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டே, ஆசிரியர் முன்னால் ஒப்பிக்கிற பையன் மாதிரி சொன்னேன். அழித்தது நான்தான், அதில் உங்களைப் பற்றி ஒரு எழுத்து இல்லை, ஒரு சிப்பாய் நல்லபடியாக நடந்துகொண்டதைத்தான் எழுதியிருந்தார், அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்...

"மூணு புள்ளைங்க சார்" என்றார் மேரி.

ஆமாம், மூன்று. அழித்தவனுக்கு அழித்தது ஞாபகமில்லை. எதிரே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உரிமையாளர் கேட்டார்: "ஏன் சார், நீங்க படிச்சவுக. ஒரு சிப்பாய் நல்லவன்னு எழுதுனத எவனாச்சும் அழிப்பானா?"

"அழிப்பேங்க. நான் அழிச்சேன்."

"எதுக்கு?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அழகியல் காரணம் என்றா? "நல்லா இருக்கும்னு நெனச்சேங்க" என்றேன்.

"எங்களைப் பாத்தா கேணப்பயலுகளாவா சார் தெரியுது?" என்றார் அவர். "ரெண்டு பேரும் பஸ்ஸுல வரும்போதே பேசி வச்சுக்கிட்டு வந்துருக்கீக. அதுலயும் ஆளுக்கொரு கணக்குச் சொல்றீக." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்து, மரியாதையாக பஸ் ஏற்றிவிட்டார்கள். பொன்னாடை அப்போதும் என் பையில் இருந்தது.

மூன்று பேர் பொங்கலுக்கு முன்னால் ஊர் திரும்பினார்கள். அருளப்பன் வரவில்லை. கேட்டதற்கு, பேப்பர் ஏதோ பாக்கி என்றார்கள். நிஜமாகவே பேப்பர்தானா, என் மார்க்கரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதால் பாரம் குறைந்துவிடவில்லை. அவர் வந்தபோது வெயில் காலம் ஆரம்பித்திருந்தது. வந்தவரை எந்தப் படகிலும் ஏற்றவில்லை. 'அவன் பொஞ்சாதி எழுதிப்புடும்' என்றார்களாம். கொஞ்ச நாள் பார்த்துவிட்டுக் கேரளாவில் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் இது நிரந்தர நகைச்சுவை ஆகிவிட்டது. நான் எதையாவது சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினால், "அப்பா மார்க்கரை எடுத்துட்டாரு" என்கிறாள் மகள். அனுப்பிய வாட்ஸ்அப்பை நான் அழித்தால், "சூழல் கருதியா?" என்று என் மனைவி பதில் போடுகிறாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவளே கதையைச் சொல்வாள். வளைகாப்பு நாதஸ்வரத்தில் ஆரம்பித்து, மேடையில் நான் பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டதை நடித்துக் காட்டி, 'கேணப்பயலுகளாவா சார் தெரியுது' என்பதில் முடிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் அதோடு நிறுத்திக்கொள்வாள், அதற்குப் பிறகு உள்ளதை நானும் யாரிடமும் சொன்னதில்லை.

அருளப்பன் கேரளா போன பிறகு நான் மேரிக்குப் போன் பண்ணினேன். பத்தாவது இதழில் என் பெயரில் மன்னிப்புப் போடுகிறேன், அந்த நாலு வரியை மட்டும் மறுபடி எழுதித் தாருங்கள், முதல் பக்கத்தில் போடுகிறேன் என்றேன். பின்னால் ஷெட்டில் இறாலைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினார்.

"அன்னைக்கு அந்தாளு நல்லா இருக்கணும்னு வேண்டுனது நெசமா மனசார வேண்டுனது சார். மூணு பேரு வந்து எறங்குன அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு மட்டும் வரல பாருங்க, அதுக்கப்புறம் யாருக்காகவும் அப்படி வேண்டிக்கத் தோணல. இப்ப எழுதுனா பொய்யாத்தான் எழுதணும். பொய் எழுதுறதுக்கு நான் எதுக்கு சார், நீங்களே எழுதிக்கங்க."

பத்தாவது இதழ் வரவில்லை.