அம்மா காலைச் சாப்பாடு சாப்பிட்ட சேதி

குமாசி,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய தமாலே ஊர் மாமாவுக்கு, மருமகன் யாவ் பாரிமா பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ‘எல்லோரும்’ என்பதை இரண்டு தடவை படிக்கவும்.

இதனால் சகலமானவர்க்கும் அறிவிப்பது: உங்கள் அக்கா, அதாவது என் அம்மா, இன்று காலை இரண்டு உருண்டை சோளமாவுக் கென்கேயும் பொரித்த மீனும் சாப்பிட்டு, மிளகாயை ஒழுங்காக அரைக்கவில்லை என்று என்னைத் திட்டவும் செய்தார். செத்தவர்கள் இப்படிச் செய்வதில்லை. ஆகவே நீங்கள் பேசி வைத்திருக்கும் வேனைத் திருப்பி அனுப்பிவிடவும். கைபேசியில் வரும் சேதியை இனி நம் குடும்பத்தில் எவரும் நம்பமாட்டார்கள் என்பதால் இதைப் பஸ் டிரைவரிடம் காகிதத்தில் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவின் கோகோ கொள்முதல் அலுவலகத்தில் புது மேலாளர் ஆம்பொமா அறிவிப்புப் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டார். இனி எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தானாம். அம்மா தலைமை எழுத்தர் ஆன சேதியைக் குழுவில் போட மேலாளர் ஒரு படம் கேட்டார். “நீதான் போன்ல பெரிய புலியாச்சே, செஞ்சு அனுப்புடா” என்றார் அம்மா. நம் ஊரில் அழகான படமெல்லாம் சாவுக்குத்தானே அடிக்கிறார்கள்? அதில் ஒன்றை எடுத்து, கறுப்பும் சிவப்பும் எடுப்பாக இருந்ததால் அப்படியே விட்டு, முகத்தையும் பெயரையும் மட்டும் மாற்றி, நேற்றுப் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் குழுவுக்கு அனுப்பினேன். பொடி எழுத்தில் போட்ட பதவியை எவன் படித்தான்? அரை மணியில் மொத்த அலுவலகமும் துக்கத்துக்கான சிவப்புத் துணி சுற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளோடு ஒப்பாரி வைத்தபடி நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. லீவு போட்டு முடி பின்னிக்கொண்டிருந்த அம்மா பாதித் தலையோடு கதவைத் திறந்து, “ஐயோ மன்சா, யாருடி போயிட்டது?” என்று தோழியைக் கட்டிக்கொண்டு அழுதார். “நீதான்க்கா!” என்று சொல்லிவிட்டு மன்சா மயங்கி விழுந்தார்.

அதிர்ச்சி அதுவல்ல, மாமா. மேலாளர் குழுவில் இரங்கல் போட்ட அடுத்த வரியிலேயே அம்மாவின் பதவியை இளைய எழுத்தன் ஓடூரோவுக்குக் கொடுத்திருந்தார்! “என் கண்ணீர் காயறதுக்குள்ள என் நாற்காலிய தூக்கிட்டானா?” என்று அம்மா அதே பாதித் தலையோடு, நம் வழக்கப்படி வெற்றிக்கு உடுத்தும் வெள்ளையை உடுத்திக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போய் நின்றார். மேலாளர், “மேடம், உங்களக் குழுவுலேர்ந்து நீக்கியாச்சே!” என்றார்.

“குழுவுலேர்ந்துதானேய்யா? ஓடூரோ, எந்திரி!”

எழுந்தான். அம்மா உட்கார்ந்தார். பலகையை மறுபடி ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள்.

இத்தனை கூத்திலும் கல்தூணாக நின்று, எல்லோரையும் தேற்றியவன் உங்கள் மருமகன் ஒருவனே. அத்தைக்கு வணக்கம். முன்னோர்கள் உங்களைக் காக்கட்டும். எங்களை இப்போதைக்குக் கூப்பிடாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
யாவ் பாரிமா

பி.கு.: கல்தூண் விஷயத்தை அம்மா வேறு மாதிரி சொல்லக்கூடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வாசலில் சிவப்புத் துணிக் கூட்டத்தைக் கண்டதும், படம் போட்டதே நான் என்பது மறந்துபோய், பையை வீசிவிட்டு மண்ணில் புரண்டு அழுதேன். தூக்கி நிறுத்தித் தண்ணீர் கொடுத்தது செத்துப்போன அம்மாதான்.